விதையில் இருக்கும் நோய், வேலியில் இருக்கும் மருந்து

(ஒரகடம் வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நெல்மணியைப் பற்றி. அந்த நெல்மணியின் உமியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பூஞ்சாணத்தைப் பற்றி. அதை ஒழிக்க நம் வேலியிலும் வாய்க்கால் கரையிலும் நிற்கும் மரம் செடிகள் எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் உதவாது என்பதைப் பற்றி.

"இது விவசாய இலாகா உத்தியோகஸ்தர் பேச வேண்டிய விஷயமாயிற்றே! கூலியையும் போனஸையும் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

இந்த வட்டாரத்தைப் பாருங்கள். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை உற்பத்தியைத் துவக்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சாலையின் ஒரு பக்கம் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செல்போனும் செய்யும் ஆலைகள். மறுபக்கம் ஏரிப் பாசனத்தில் எஞ்சி நிற்கும் நெல் வயல்கள். ஒரே குடும்பத்தில் மகன் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்ட் வேலைக்குப் போகிறான். தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார். தகப்பனார் ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ குத்தகைக்கு எடுத்து, சொர்ணவாரியோ சம்பாவோ நவரையோ போடுகிறார். மகனை ஆலையிலிருந்து நிறுத்திவிட்ட மாதத்தில் அந்த அரை ஏக்கர் நெல்தான் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது.

அந்த நாற்றங்காலில் பாதி நாற்று கருகிப்போனால் யாருக்கு நஷ்டம்? குத்தகைக்காரர் மறுபடி விதை வாங்கக் கடனுக்கு அலைய வேண்டும். ஏரித் தண்ணீர் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்காது. நடவு தள்ளிப்போகும், அல்லது நின்றே போகும். நடவு நின்றால் நடவுக் கூலி ஏது? ஆகவே, விதையில் இருக்கும் நோய் கூலியில் கைவைக்கும் நோய். நாம் அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

நோய் எங்கே குடியிருக்கிறது?

பயிருக்கு வரும் நோய்களில் பல, காற்றிலும் தண்ணீரிலும் மண்ணிலும் வருகின்றன. சில நோய்கள் மட்டும் விதையோடு விதையாக வீட்டுக்குள்ளேயே வந்து குதிரில் உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றில் முக்கியமானது செம்புள்ளி நோய். இலையில் எள் அளவுக்குப் பழுப்புப் புள்ளி தோன்றும். அது நீள்வட்டமாகப் பெருகும். பிறகு கதிருக்கு ஏறி, நெல்மணியின் மேல் கரும்பழுப்புத் திட்டாகப் படியும். அந்த நெல்லையே அடுத்த போகத்துக்கு விதையாக எடுத்து வைத்தால், பூஞ்சாணமும் உமியின் மேலும் உள்ளேயும் தூங்கிக்கொண்டிருக்கும். நாம் விதையை ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை கட்டுகிறோம் அல்லவா? அந்த ஈரமும் சூடும் முளைக்கு மட்டும் உயிர் கொடுப்பதில்லை. பூஞ்சாணத்துக்கும் கொடுக்கிறது. நாற்று கருகுவது இப்படித்தான்.

1919-ல் அன்றைய சென்னை ராஜதானியில் இந்த நோய் பதிவாயிற்று. நூறாண்டுக்கு மேல் நம்மோடு இருக்கிற நோய் இது.

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. பட்டினி கிடக்கும் நிலத்தைத் தேடி வரும். சாம்பல் சத்து குறைந்த மண், காய்ந்து கிடக்கும் வயல், எரு காணாத வயல் - இங்கேதான் செம்புள்ளி ஆட்டம் போடும். குலை நோயின் குணம் வேறு. அது யூரியாவை அளவுக்கு மீறிக் கொட்டிய வயலில் கொழுக்கும். ஏழை வயலுக்கு ஒரு நோய், செழித்த வயலுக்கு ஒரு நோய். குலை நோயின் பூஞ்சாணமும் விதையில் ஒட்டிவரக்கூடியதே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ எடுக்கும் பயிரில் நெல்மணி கறுத்துப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பூஞ்சாணத்தின் வேலை அல்ல. பல பூஞ்சாணங்கள் கூட்டாகச் செய்யும் வேலை. அந்த நெல்லை வியாபாரி விலை குறைத்துக் கேட்பான். விதையாக வைத்தாலோ, முளைப்பு குறையும்.

இன்னொரு விசித்திரமான நோயும் உண்டு. நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, ஒல்லியாக, மற்றவற்றை விட நெடுநெடுவென்று உயர்ந்து நிற்கும். பார்த்தால் நன்றாக வளர்கிறது என்று தோன்றும். ஆனால் கதிர் பிடிப்பதற்குள் செத்துப்போகும். ஜப்பானிய விவசாயிகள் இதற்கு "முட்டாள் நாற்று" என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 1926-ல் குரோசாவா என்ற விஞ்ஞானி, பூஞ்சாணம் கக்கும் ஒரு பொருள்தான் நாற்றை இப்படி இழுத்து வளர்க்கிறது என்று கண்டுபிடித்தார். அதுதான் இன்று உலகமெல்லாம் விற்கும் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி! இதுவும் விதையோடு வரும் நோய்தான்.

ஆலைத் தோழர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. உதிரிபாகம் லைனில் ஏறுவதற்கு முன்பே சோதிக்கிறீர்கள். வண்டி முழுதும் கட்டி முடிந்த பிறகு உள்ளே இருக்கும் கெட்ட போல்ட்டைத் தேடினால் எத்தனை நஷ்டம்! விதையிலே பிடிக்க வேண்டிய நோயை வயலிலே பிடிக்க நினைப்பதும் அப்படித்தான். நாற்றங்காலுக்கு முந்திய ஒரு நாள் வேலை, அறுவடை வரைக்கும் காவல் நிற்கும்.

வங்காளம் தந்த பாடம்

இந்தச் சின்னப் புள்ளி எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்கு வங்காளம் சாட்சி. 1942 அக்டோபரில் மேதினிப்பூர் கடற்கரையைப் புயல் தாக்கிற்று. அதே பருவத்தில் வங்காளத்து நெற்பயிரில் செம்புள்ளி நோய் கொள்ளையாகப் பரவிற்று. மறு ஆண்டு, 1943-ல், பெரும் பஞ்சம். செத்தவர்கள் 15 லட்சம் பேர் என்று அன்றைய சர்க்காரின் விசாரணைக் கமிஷன் சொன்னது. 30 லட்சம் வரை இருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் சொன்னார்கள்.

காரணம் என்ன? 1943-ல் வங்காளத்தில் பூஞ்சாண நோய் நிபுணராக வேலைக்குச் சேர்ந்த பத்மநாபன் என்ற விஞ்ஞானி, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். செம்புள்ளி நோயின் சேதமே பஞ்சத்துக்குப் பெரிய காரணம் என்றார். 1981-ல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்து வேறு கதை சொன்னார். 1943-ல் வங்காளத்தில் இருந்த உணவு, முந்திய ஐந்தாண்டுச் சராசரியை விட சுமார் 5 சதவிகிதம்தான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஆம் ஆண்டை விட 13 சதவிகிதம் அதிகம்! அப்படியானால் செத்தவர்கள் யார்? நிலமில்லாத விவசாயத் தொழிலாளி, மீன் பிடிப்பவர், படகோட்டி, கைத்தொழிலாளி. அரிசி விலை ஏறிற்று. இவர்கள் கூலி ஏறவில்லை. யுத்தச் செலவும் பதுக்கலும் வெள்ளை சர்க்காரின் அலட்சியமும் சேர்ந்து அவர்களைச் சாகடித்தன.

அறிஞர்களின் இந்த விவாதத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: பூஞ்சாணம் நெல்லைத் தின்னும். நெல் குறைந்தால் யார் வயிறு காய வேண்டும் என்பதைப் பூஞ்சாணம் தீர்மானிப்பதில்லை, சமுதாயம் தீர்மானிக்கிறது. ஆகவே பூஞ்சாணத்தையும் எதிர்க்க வேண்டும், பதுக்கலையும் எதிர்க்க வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கலாகாது.

மருந்து என்று வந்த விஷம்

விதை நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. 1950, 60-களில் அக்ரோசன், செரசான் என்ற பாதரச மருந்துகளை விதையில் கலக்கும்படி நம் நாட்டிலும் சிபாரிசு செய்தார்கள். பூஞ்சாணம் செத்தது உண்மை. ஆனால் பாதரசம் பூஞ்சாணத்தோடு நின்றுவிடும் பொருளா?

1971-ல் இராக்கில் நடந்ததைக் கேளுங்கள். மெக்சிகோவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பாதரசம் பூசிய கோதுமை, பார்லி விதைகள் கப்பலில் வந்து இறங்கின. பல ஊர்களுக்கு விதைப்புக் காலம் முடிந்த பிறகே அவை போய்ச் சேர்ந்தன. வீட்டிலோ தானியம் இல்லை. மூட்டையில் எச்சரிக்கை இருந்தது. ஆனால் அந்த விவசாயிகள் படிக்கத் தெரியாத அன்னிய மொழிகளில் இருந்தது. விதைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். கழுவினால் சாயம் போயிற்று. விஷமும் போய்விட்டது என்று ஜனங்கள் நினைத்தார்கள். ரொட்டி சுட்டுத் தின்றார்கள். சர்க்கார் கணக்குப்படியே 6,530 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 459 பேர் மாண்டார்கள்.

இதில் விஞ்ஞானத்தின் குற்றம் எவ்வளவு, பசியின் குற்றம் எவ்வளவு, ஜனங்களின் மொழியில் ஒரு வார்த்தை எழுதிப் போடாத அலட்சியத்தின் குற்றம் எவ்வளவு? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்று நம் பகுதியில் விதை நேர்த்திக்குப் பெரிதும் சொல்லப்படுவது கார்பென்டசிம் தூள். ஒரு கிலோ விதைக்கு 2 கிராம். பாதரசத்தோடு இதை ஒப்பிட முடியாது. பூஞ்சாணத்தை நன்றாகவே அடக்கும். ஆயினும் ஐரோப்பிய நாடுகளில் 2014-க்குப் பின் இதற்கு அனுமதி இல்லை. 2020 மே மாதத்தில் மத்திய சர்க்கார் 27 மருந்துகளைத் தடை செய்யப்போவதாக வரைவு ஆணை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் கார்பென்டசிமும் இருந்தது. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது பட்டியல் சுருங்கிவிட்டது. கார்பென்டசிமுக்குத் தடை வரவில்லை. தவிர, ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் போட்டால் பூஞ்சாணம் அதற்குப் பழகிப்போகிறது. உலகின் பல இடங்களில் இது நடந்திருக்கிறது.

இந்தத் தூளை நம் கிராமத்தில் யார் கலக்குகிறார்கள்? அன்னக்கூடையில் விதையைக் கொட்டி, வெறுங்கையால் பிசைகிற பெண் தொழிலாளிதான். கையுறை கிடையாது. முகத்தில் துணி கிடையாது. கை கழுவ சோப்பும் கிடையாது. அதே கையால் கஞ்சிச் சட்டியைத் தொட வேண்டும். பாக்கெட்டில் எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கிறது. இராக்கின் கதை வெகுதூரத்துக் கதை என்று யாராவது சொல்ல முடியுமா?

வேலியில் இருக்கும் மருந்து

இனி நம் வேலிக்கு வருவோம். வேம்பு, புங்கன், நொச்சி, துளசி, பூண்டு, வசம்பு, வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேல், நெய்வேலி காட்டாமணக்கு - இவை ஒவ்வொன்றின் சாறும் பூஞ்சாண வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று பல ஆராய்ச்சி நிலையங்களில் சோதித்திருக்கிறார்கள். செடிக்கு ஓட முடியாது. எதிரியை அடிக்கக் கையும் கிடையாது. ஆகவே தன் உடம்பிலேயே கசப்பையும் காரத்தையும் நாற்றத்தையும் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அந்த ஆயுதத்தைத்தான் நாம் இரவல் வாங்குகிறோம். பூண்டுப் பல்லை முழுதாக வைத்தால் அவ்வளவு நாற்றம் இல்லை, நசுக்கினால்தான் வருகிறது. நசுக்கும்போதுதான் பல்லுக்குள் தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் கலந்து அல்லிசின் உண்டாகிறது. பூஞ்சாணத்தை அடக்குவது அதுதான். அது சீக்கிரம் சிதைந்தும் போகும். ஆகவே பூண்டுச் சாற்றை அன்றன்று அரைத்து அன்றன்றே உபயோகிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் இதில் வேலை செய்திருக்கிறார்கள். வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் சேர்ந்த மருந்துக் கலவை நெல்லின் இலையுறை அழுகல் நோயையும், மணி கறுத்துப்போவதையும் குறைக்கிறதா என்று வயலில் சோதித்து, 1998-லும் 2001-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். இலையுறை அழுகலுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 சதவிகிதம், அல்லது வேப்பெண்ணெய் 3 சதவிகிதம், அல்லது ஹெக்டேருக்கு 25 கிலோ வேலிகாத்தான் இலைத்தூளின் சாறு தெளிக்கலாம் என்று சிபாரிசு செய்கிறது. கதிர் பொதியில் இருக்கும்போது தெளிக்கும் இந்த மருந்து மணியைக் காக்கிறது. மணியைக் காத்தால் அடுத்த போகத்து விதை காக்கப்படுகிறது. விதை நேர்த்தி என்பது விதைப்பதற்கு முந்திய நாள் துவங்குவதல்ல. முந்திய போகத்துக் கதிரிலேயே துவங்குகிறது.

வேலிகாத்தானை யாரும் நட்டு வளர்க்க வேண்டாம். அது நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் மரம். காலி மனைகளிலும் ஏரிக்கரைகளிலும் ஏற்கனவே மண்டிக் கிடப்பதை வெட்டும்போது இலையை வீணாக்காமல் இருந்தால் போதும்.

வேம்பு யாருக்குச் சொந்தம்?

வேப்பெண்ணெய் பூஞ்சாணத்தை அடக்கும் என்பது பெரிய கண்டுபிடிப்பு என்று ஒரு காலத்தில் ஒரு கம்பெனி உரிமை கொண்டாடிற்று. கிரேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியும் அமெரிக்க சர்க்காரின் விவசாய இலாகாவும் கூட்டாக விண்ணப்பம் போட்டன. 1994-ல் முனிச் நகரிலுள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அவர்களுக்கு 436257 என்ற எண்ணுள்ள காப்புரிமையைக் கொடுத்துவிட்டது. அந்தப் பத்திரத்தில் இருந்த "கண்டுபிடிப்பு" என்ன தெரியுமா? கொஞ்சம் வேப்பெண்ணெய், அதைத் தண்ணீரோடு சேரச் செய்யும் சோப்பு போன்ற பொருள், மீதி தண்ணீர். இதைச் செடியின் மேல் இருக்கும் பூஞ்சாணத்தின் மேல் தெளிப்பது!

1995-ல் இதை எதிர்த்து மூவர் வழக்காடினார்கள். நம் நாட்டின் வந்தனா சிவா, ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் பசுமைக் குழுவைச் சேர்ந்த மக்தா ஆல்வெட், இயற்கை விவசாய இயக்கங்களின் சர்வதேச சம்மேளனம். 2000 மே மாதத்தில் காப்புரிமை ரத்தாயிற்று. கம்பெனி மேல்முறையீடு செய்தது. 2005 மார்ச் 8-ஆம் தேதி அதுவும் தள்ளுபடியாயிற்று. பத்தாண்டுப் போராட்டம் வென்றது.

வென்றது எதனால் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வேம்பை உபயோகிக்கிறோம்" என்ற நியாயம் மட்டும் அங்கே செல்லுபடியாகவில்லை. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மராட்டியத்தின் புனே, சாங்லி மாவட்டங்களில் வேப்ப மருந்தை வயலில் தெளித்துப் பரிசோதனை நடந்திருந்தது. அதை நடத்தியவர் நேரில் போய் சாட்சி சொன்னார். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வெளிப்படையாக நடந்த வேலை இது என்பது ருசுவாயிற்று. "இதில் புதுமை இல்லை" என்று அந்த அலுவலகமே தீர்ப்பளித்தது.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே! வேப்பிலையையும் நொச்சி இலையையும் குதிருக்குள் போட்டு வைத்த நம் தாய்மார்கள் எத்தனை லட்சம் பேர்! அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. செய்தவன் எழுதி வைக்காவிட்டால், எழுதி வைத்தவன் செய்தவனாகிவிடுகிறான். உழைப்பை அபகரிப்பது போலவே அறிவையும் அபகரிக்கிறார்கள். தடுக்கும் ஆயுதம் தேதி போட்ட ஒரு நோட்டுப் புத்தகம்!

அனுபவமும் சோதனையும்

இதன் பொருள், பழையது எல்லாம் உண்மை என்பதல்ல. நெற்பழ நோயைத் தெரியும் அல்லவா? மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் பச்சையுமாக உருண்டை. 1878-ல் திருநெல்வேலியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டுதான் குக் என்பவர் இந்தப் பூஞ்சாணத்தைப் பற்றி முதலில் எழுதினார். நம் ஜனங்கள் இதை "லட்சுமி நோய்" என்றார்கள். இது வந்தால் மகசூல் பொங்கும் என்று நம்பினார்கள். இதில் பாதி உண்மை உண்டு. நல்ல ஈரமும் நல்ல எருவும் கிடைத்த ஆண்டில் பயிரும் செழிக்கும், இந்தப் பூஞ்சாணமும் செழிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்த கண் கூர்மையான கண்தான். ஆனால் நோயே மகசூலைக் கொண்டுவருகிறது என்று முடிவு கட்டியது தவறு. அனுபவத்தைச் சோதித்துப் பார்க்காவிட்டால் இப்படித்தான் தடம் மாறும்.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் ஒரு சோதனை செய்வோம். செலவு அதிகமில்லை.

முதலில் உப்புத் தண்ணீர். ஒரு பாத்திரம் தண்ணீரில் புதிய கோழி முட்டையைப் போடுங்கள். மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். முட்டை மிதந்து, அதன் மேல்பகுதி சிறு நாணயம் அளவுக்குத் தண்ணீருக்கு மேலே தெரியும்போது நிறுத்துங்கள். அதில் விதையைக் கொட்டினால் பதரும் கருக்காயும் நோயால் எடை குறைந்த மணியும் மிதக்கும். அதை அரித்து எடுத்துவிடுங்கள். அடியில் தங்கிய கனத்த விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை உப்புப் போகக் கழுவுங்கள். 1882-ல் ஜப்பானில் யோக்கோய் என்ற விவசாய ஆசிரியர் பரப்பிய முறை இது. எந்த மருந்துக்கும் முந்திய மருந்து இதுதான்.

பிறகு நான்கு சிறு பாத்திகள். முதல் பாத்திக்கு எதுவும் செய்யாத விதை. இரண்டாவது பாத்திக்கு உப்புத் தண்ணீரில் தேர்ந்த விதை. மூன்றாவது பாத்திக்கு உப்புத் தண்ணீரில் தேர்ந்து, வேப்பிலைச் சாற்றிலோ பூண்டுச் சாற்றிலோ ஓர் இரவு ஊறிய விதை. சோதனைச் சாலைகளில் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் அளவு பத்துக்கு ஒன்று. 100 கிராம் பச்சிலையை அரைத்து, தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்கி, துணியில் வடிகட்டுவது. நான்காவது பாத்திக்கு உப்புத் தண்ணீரில் தேர்ந்து, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்த விதை. இது செடிச் சாறு அல்ல. பூஞ்சாணத்தை எதிர்க்கும் நல்ல நுண்ணுயிர். விவசாய விரிவாக்க மையத்தில் கேளுங்கள். இதோடு கார்பென்டசிம் போன்ற ரசாயனத் தூளைக் கலக்காதீர்கள்.

நான்கு பாத்திக்கும் ஒரே ரக விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே தண்ணீர். ஒவ்வொன்றிலும் எண்ணி விதையுங்கள். எத்தனை முளைத்தது, பதினைந்தாம் நாள் எத்தனை நாற்று நிற்கிறது, எத்தனை கருகிற்று என்று எண்ணி எழுதுங்கள். ஆலையில் தினமும் எண்ணி எழுதிப் பழகிய தம்பிமார்கள் இந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். விதைப்பதற்கு முன் நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி முளைப்புப் பாருங்கள். சான்று பெற்ற நெல் விதைக்கு 80 முளைக்க வேண்டும் என்பது சட்டம். சாற்றில் ஊறிய விதை அதற்குக் கீழே போனால் சாறு அதிகக் காரம் என்று அர்த்தம், குறையுங்கள்.

சாறு எட்டாத இடம்

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். செடிச் சாறு பெரும்பாலும் உமியின் மேலுள்ள பூஞ்சாணத்தைத்தான் எட்டும். உமிக்குள் ஆழமாகப் புகுந்துவிட்ட பூஞ்சாணத்தை அது தொடாது. அதற்கு வெந்நீர் முறை உண்டு. 53, 54 டிகிரி சூட்டில் 10 முதல் 12 நிமிடம். சூடு கூடினால் முளை வெந்துபோகும். குறைந்தால் பூஞ்சாணம் பிழைத்துக்கொள்ளும். தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

வேம்பும் மண்ணுக்கு மண், மரத்துக்கு மரம் வேறுபடும். வெயிலில் சாற்றின் சக்தி குறையும். ஒரே மாதிரித் தரம் எதிர்பார்க்க முடியாது. நோய் மிஞ்சிய விதையைச் சாற்றால் காப்பாற்றலாம் என்று நம்பி விதைப்பதை விட, விதையை மாற்றுவதே மேல்.

"பச்சிலைதானே, விஷம் இல்லை" என்ற எண்ணமும் ஆகாது. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குப் புகட்டி, அவர்கள் உயிருக்குப் போராடிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. நெய்வேலி காட்டாமணக்கு தின்ற ஆடு நோயில் விழும். பூஞ்சாணத்தைக் கொல்லக்கூடியது எதுவானாலும் மரியாதையோடு கையாள வேண்டும். சாற்றில் ஊறிய விதை மிஞ்சினால் உலைக்குப் போகக் கூடாது. கோழிக்கும் போகக் கூடாது.

நாம் கேட்க வேண்டியது

நம் கையில் இருப்பதை நாம் செய்கிறோம். சர்க்கார் கையில் இருப்பதை அது செய்ய வேண்டாமா? விதை நேர்த்தியைத் தொழிலாளியின் வெறுங்கையில் தள்ளாமல், விரிவாக்க மையத்திலேயே கருவி கொண்டு செய்து கொடுக்க வேண்டும். எந்த மருந்து கலந்த விதையானாலும் மூட்டையின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் எச்சரிக்கை வேண்டும். கலக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் சோப்பும் வேண்டும். அந்த வேலைக்குத் தனிக் கூலி வேண்டும். திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற ஐ.ஆர். 20 நெல்லுக்குத் தாய் ரகமான டி.கே.எம். 6 பிறந்த இடம் அது. நம் ஏரிப் பாசன வயல்களில், நம் பருவங்களில், எந்தச் சாறு எவ்வளவு பலன் தருகிறது என்பதை விஞ்ஞானிகள் நம்மோடு சேர்ந்து சோதித்து, முடிவை நமக்குத் தமிழில் சொல்ல வேண்டும். குத்தகைக்காரர் பெயரில் பட்டா இல்லை என்ற காரணத்தைச் சொல்லி விதை மானியத்தை மறுக்கக் கூடாது.

இவற்றைக் கேட்க நாம் வெறுங்கையோடு போக வேண்டாம். வருகிற பருவத்து விதைப்பில் ஊருக்கு நான்கு பாத்தி போடுவோம். எண்ணியதை எண்ணியபடி, பலன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தேதி போட்டு எழுதுவோம். கீழே இரண்டு பேர் கையெழுத்துப் போடுவோம். கையெழுத்துத் தெரியாத தாயார் கைநாட்டு வைக்கட்டும். விதையை ஊறவைத்தவர் அவர்தானே! பத்து ஊரின் நோட்டுப் புத்தகங்களைச் சேர்த்து மேஜை மேல் வைத்து, அதன் பிறகு பேசுவோம்.